பூங்கொடி போன வழி

அலைமுற்றம் குடியிருப்பு, வீடு எண் எட்டு
10 பிப்ரவரி 2025

சங்கச் செயலாளர் சியாமளா அம்மா அவர்களுக்கு,

என் மனைவி பூங்கொடியின் உடலைக் குப்பை வண்டி போகும் வாசல் வழியாக வெளியே அனுப்பினீர்கள். நடந்த அநியாயம் இதுதான். கீழே உள்ளதெல்லாம் அதற்கு விளக்கம்.

எதிர் வீட்டில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். இதே வாக்கியத்தை வாட்ஸப் குழுவில் போட்டதற்கு என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள். நேரில் வந்தால் என் குரல் உயரும். அப்புறம் என் குரலைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், விஷயத்தைப் பற்றி நடக்காது. அதனால் எழுதி, வாட்ச்மேன் முனிசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். லாரியில் கிளீனராக இருந்தபோது மைல்கல்லில் ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

தை மாதம் அவள் போன அன்று, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கேட்டில் நிறுத்தி ஆதார் அட்டை கேட்டார்கள். பொறுத்துக்கொண்டேன். மேளம் கூடாது என்றார்கள், சரி என்றேன். தெருவில் பந்தல் போடக் கூடாது என்றார்கள், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்தேன். வண்டி கிளம்பும்போதுதான் முனிசாமி குறுக்கே வந்து நின்றான்.

“அண்ணாத்த, வண்டி இப்டிக்கா போவாதாம். பின்னால கேட்டாண்ட போவணுமாம்.”

“யார்ரா சொன்னது?”

“மேடம் போன்ல சொல்ட்டாங்கோ. புள்ளையாருக்கு மண்டல பூஜை நடந்துகினு கீதாம். பொணம் குறுக்கால போவக் கூடாதாம். நான் இன்னா பண்றது, சொல்லு.”

என் மச்சான் ராமதாஸ் லுங்கியை மடித்துக் கட்டினான். “இன்னாய்யா, எங்க அக்கா இன்னா குப்பையா?” என்று கேட்டான். நான்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். பிடித்த அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனை வரை அழுதுகொண்டு வருவார்கள். அங்கே நின்றுவிடுவார்கள். மேற்கொண்டு ஆண்கள் போவார்கள். இங்கே தெருமுனை என்றால் பிள்ளையார் இருக்கும் பெரிய கேட்தான். அதற்குப் பதிலாக என் மகள் ரேணுகா, ஈரக் குப்பைத் தொட்டிக்கும் உலர் குப்பைத் தொட்டிக்கும் நடுவில், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று அம்மாவை அனுப்பினாள். அந்த வளைவில் வண்டி திரும்பவில்லை. “வா வா, ரைட்ல ஒடி” என்று காவலாளி ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அவள் கடைசியாக வெளியேறும்போது காதில் விழுந்த சத்தம் அது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளையார் வெறும் செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தபோது முதல் அருகம்புல் மாலை கட்டிப் போட்டவள் பூங்கொடி. இந்தக் குடியிருப்பில் அவளோடு பேச ஆளில்லை. எல்லா வீட்டுக் கதவும் கண்ணாடிக் கதவு, எல்லாம் மூடியே இருக்கும். சாயங்காலம் போய்ப் பிள்ளையாரிடம்தான் உட்கார்ந்திருப்பாள். அவரைக் காரணம் சொல்லித்தான் அவளைப் பின்னால் தள்ளினீர்கள்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் கோயில் நடையைச் சாத்துவார்கள். உடலை எடுத்த பிறகு கழுவிவிட்டுத் திறப்பார்கள். அதுவரை சாமி காத்திருக்கும். மனுஷனைச் சுற்றிப் போகச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நடந்தது தவறு என்று சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பெரிய கேட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்ட வேண்டும்.

செங்கல்வராயன்


வீடு எண் பதினொன்று
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய செங்கல்வராயன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பூங்கொடி அம்மாவின் மறைவுக்கு என் அனுதாபத்தை மறுபடி தெரிவித்துக்கொள்கிறேன். அன்று நானும் என் கணவரும் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் யாரையும் அவமதிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அன்று காலை பெரிய கேட்டில் மண்டல பூஜையும் அன்னதானமும் நடந்துகொண்டிருந்தன. குழந்தைகள் உட்பட நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். காவலாளி என்னைத் தொலைபேசியில் கேட்டபோது ஒரு நொடியில் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நாற்பத்தெட்டு நாள் பூஜை நடுவில் தடைப்படக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நீங்கள் குப்பை வாசல் என்று எழுதுவதை நாங்கள் சேவை வாசல் என்கிறோம். வீட்டு வேலைக்கு வருபவர்கள், பால், தண்ணீர் கேன், பள்ளிக்கூட வேன் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. அதில் இழிவு எதுவும் இல்லை.

அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில், நிர்வாகப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் ஆளுக்கொரு வழக்கத்தைப் பார்த்தால் எதுவும் நடக்காது. ஒரு பொது முறை வேண்டும். அதைத்தான் இங்கேயும் முயல்கிறேன்.

குழுவில் உங்களை மறுபடி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்பைக் கேட்டில் ஒட்டுவது போன்ற விஷயங்களைத் தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம். வீடு பார்க்க வெளியாட்கள் வந்து போகிற இடம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சியாமளா பாலசுப்ரமணியன்


வீடு எண் எட்டு
15 பிப்ரவரி 2025

சியாமளா அம்மா அவர்களுக்கு,

குழுவில் சேர்த்தார்கள். நானே வெளியேறிவிட்டேன். தவறு நடந்ததற்கு ‘அனுதாபம்’ எழுதுகிறீர்கள். அனுதாபம் சாவுக்கு. நான் கேட்பது வேறு.

உங்கள் சங்கத்து விதிப்புத்தகத்தை வாங்கி வந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நாயை எந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போவது என்று இருக்கிறது. நீச்சல் குளத்தில் எந்த உடுப்பு என்று இருக்கிறது. மாடியில் துணி காயப்போடக் கூடாது, வடகம் வைக்கக் கூடாது, மிக்சி எத்தனை மணிக்கு மேல் ஓடக் கூடாது, எல்லாம் இருக்கிறது. மாடியில் வடகம் வைத்ததற்குப் பூங்கொடிக்கு ஒரு தடவை நோட்டீஸ் வந்தது. “அந்தம்மா படிச்சவங்கோ, காக்காவுக்குக் கூட லெட்டர் போடுவாங்கோ போல” என்று சிரித்தாள். சாவு என்ற சொல் மட்டும் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இங்கே யாரும் சாக மாட்டார்கள் என்று நினைத்துக் கட்டினீர்களா?

இங்கே வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பெரிய மதில். உங்கள் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியன் சார் ஒருவர்தான் காலையில் நடக்கும்போது நின்று, “இன்னிக்கு என்ன குழம்பும்மா, வாசனை எங்க வீட்டு வரைக்கும் வருது” என்று பூங்கொடியிடம் கேட்பார். அவர் கேட்டார் என்பதை அவள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் இப்போது நடக்க வருவதில்லை, மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று கை தூக்கினார். நானும் தூக்கினேன். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

சேவை வாசலில் இழிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாளை முதல் உங்கள் கார்கள் எல்லாம் அதன் வழியாகவே போய் வரட்டும்.

சொல்லிவிட்டுச் செய்வது என் பழக்கம், அதனால் சொல்கிறேன். இந்தக் குடியிருப்பு நிற்கும் நிலம் எங்கள் குடும்பத்து நிலம். கட்டியவர்கள் அதற்குப் பதிலாகத்தான் எனக்கு இந்த வீட்டைக் கொடுத்தார்கள். மெயின் ரோட்டுக்கும் பெரிய கேட்டுக்கும் நடுவில் உள்ள துண்டு நிலத்தை அப்புறம் எழுதி வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வாங்கவில்லை. அது இன்னும் என் பெயரில் இருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் நான் பேசாமல் இருந்ததால் நீங்கள் அதன் மேல் நடந்தீர்கள்.

மாசி மகம் வரை பார்ப்பேன். அதற்குள் கேட்டில் தாள் ஒட்டப்பட வேண்டும்.

செங்கல்வராயன்


வீடு எண் பதினொன்று
24 பிப்ரவரி 2025

திரு செங்கல்வராயன் அவர்களுக்கு,

நேற்று செயற்குழு கூடியது. விதிப்புத்தகத்தில் இறப்பு பற்றி எதுவும் இல்லை என்று நீங்கள் சுட்டிக்காட்டியது சரி. எனவே புதிய விதி ஒன்றை நானே எழுதி முன்வைத்தேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி இந்தக் குடியிருப்பில் எந்த வீட்டில் இறப்பு நேர்ந்தாலும், எந்த நாளானாலும், பூஜை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறுதி வண்டி சேவை வாசல் வழியாகவே செல்லும். யாருக்கும் விலக்கு இல்லை.

உங்கள் மனைவிக்கு மட்டும் நடந்தது என்ற எண்ணம் இனி உங்களுக்கு இருக்க வேண்டியதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று. எனக்கும் சேர்த்துத்தான்.

நிலத்தைப் பற்றிய மிரட்டலுக்குப் பதில் எழுத விரும்பவில்லை. அதை எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சியாமளா பாலசுப்ரமணியன்


வீடு எண் எட்டு
16 மார்ச் 2025

சியாமளா அம்மா அவர்களுக்கு,

மாசி மகம் போய்விட்டது. தாள் ஒட்டப்படவில்லை. என் துண்டு நிலத்தில் கல்கால் நட்டேன். நீங்களும் பார்த்தீர்கள், மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

போலீசைக் கூப்பிட்டீர்கள். வந்தவர் பட்டாவைப் பார்த்துவிட்டு, “பெருசு, உன் நெலத்துல நீ கல்லு நட்டுகினா நான் இன்னா பண்றது, டீ குடிக்கலாம் வா” என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வேயரைக் கூட்டி வந்தீர்கள். அவர் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு என் கல்லுக்குத்தான் தலையை ஆட்டினார். வக்கீல் நோட்டீசும் வந்தது. அதைப் படித்துவிட்டேன். வழியுரிமைக்கு வழக்குப் போடுவீர்களாம். போடுங்கள். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வந்து போக எனக்கு வேறு வேலை இல்லை.

நடந்து போகிறவர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். பிள்ளையாரைப் பார்க்க வருகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். கார் போகும் அகலத்தில் ஒரு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

இப்போது காலையில் என் வாசலில் உட்கார்ந்தால் நல்ல வேடிக்கை. பெரிய பெரிய கார்கள் எல்லாம் குப்பைத் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அந்த வளைவில் யாருக்கும் வண்டி ஒரே ஒடியில் திரும்புவதில்லை. “வா வா, ரைட்ல ஒடி.” அதே காவலாளி, அதே சத்தம். உங்கள் நடைப்பயிற்சித் தோழி ஒருத்தர் முனிசாமியிடம், “இந்த நாத்தத்துல மனுஷங்க போவாங்களா” என்று கேட்டாராம். அவன் வந்து சொன்னான். “நீ இன்னாடா சொன்ன?” என்றேன். “நான் இன்னா சொல்றது அண்ணாத்த. போன மாசம் ஒருத்தங்கோ போனாங்கோ மேடம்னேன்” என்றான்.

பூங்கொடி போன வழியில்தான் இப்போது எல்லோரும் போய் வருகிறீர்கள். இழிவு இல்லையென்றால் ஏன் எனக்கு நோட்டீஸ்?

புது விதி பற்றி. ஒருவருக்கு அநியாயம் நடந்தது என்றால் அதை எல்லோருக்கும் செய்துவிட்டால் நியாயமாகிவிடும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? நானும் நிறையப் படித்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை.

செங்கல்வராயன்


செங்கல்பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து
27 மார்ச் 2025

திரு செங்கல்வராயன்,

இந்தக் கடிதத்தை ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் உங்களைத் திட்டியிருப்பேன். நீங்கள் எழுத்தைத்தானே மதிப்பீர்கள்.

நேற்று மத்தியானம் அவருக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வரைபடத்தில் பெரிய கேட்தான் இருக்கிறது, அங்கேதான் வந்தது. உங்கள் சங்கிலிக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் மாடியிலிருந்து பார்க்கிறேன். விளக்கு சுழல்வது தெரிகிறது, வண்டி வரவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போய், உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிற அந்த வளைவில் திரும்ப முடியாமல், ஸ்ட்ரெச்சரைக் குப்பைத் தொட்டிப் பக்கம் இறக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் நீலம் பாய்ந்து கிடந்தார்.

உங்கள் மனைவி இறந்த பிறகு அந்த வழியில் போனார். என் கணவர் உயிரோடு இருக்கிறார். வித்தியாசம் தெரிகிறதா உங்களுக்கு?

உங்களுக்குச் சண்டை அவரோடு இல்லை என்று எழுதினீர்கள். கல் அவருக்கும் சேர்த்துத்தான் நின்றது.

சியாமளா


வீடு எண் எட்டு
28 மார்ச் 2025

சியாமளா அம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

சங்கிலிச் சாவியை முதல் நாளே முனிசாமியிடம் கொடுத்து, “ஆம்புலன்ஸ் வந்தா தொறந்து வுடணும்டா, கேக்கவே வாணாம்” என்று சொல்லியிருந்தேன். சாவி வாட்ச்மேன் அறை ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஊருக்குப் போயிருந்தேன். முனிசாமி அன்று தங்கை வீட்டு வளைகாப்புக்கு லீவு. புதிதாக வந்த பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனைக் கேட்டேன். “பெருசு, எனக்கு யாரு சொன்னாங்கோ? சாவி தொங்கிக்கினுதான் கீது, இன்னாத்துதுன்னு நான் கண்டேனா” என்றான்.

இதைச் சாக்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். பூங்கொடி போன அன்று நீங்கள் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தீர்கள். நான் ஒருத்தன் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனேன். இரண்டும் குப்பைத் தொட்டியில்தான் போய் நின்றன.

சங்கிலியை அறுத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன். நடுவில் இருந்த இரண்டு கல்லைப் பிடுங்கிவிட்டேன். ஒரு வண்டி தாராளமாகப் போகும். ஆம்புலன்ஸ் மட்டும் என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன். கார்களை நானே உட்கார்ந்து திருப்பி அனுப்புகிறேன். மற்ற கல் நிற்கும். நான் கேட்டது இன்னும் ஒட்டப்படவில்லை.

சாருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தால் முனிசாமியிடமாவது சொல்லுங்கள்.

செங்கல்வராயன்


வீடு எண் பதினொன்று
9 ஏப்ரல் 2025

செங்கல்வராயன் ஐயா அவர்களுக்கு,

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். நீங்கள் பலகைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிகிறது. “செங்கல்வராயனுக்கு டிராஃபிக் போலீஸ் வேலை கிடைச்சாச்சு போல” என்றார். பேசினால் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை. விதியைப் பற்றிச் சொன்னேன். “நீ எழுதின ரூல்ல நான் எந்தக் கிழமை போகலாம்னு போட்டிருக்கா, பார்த்து வை” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று குருக்கள் விபூதி கொடுக்க வந்தார். அன்று மண்டல பூஜையின்போது வண்டி முன்னால் போயிருந்தால் தோஷமா என்று கேட்டேன். “என்னை யாரும் கேக்கலியேம்மா. கேட்டிருந்தா நடையைச் சாத்திட்டு ஓரமா உக்காந்திருப்பேன். அப்புறம் புண்ணியாகவாசனம் பண்ணித் தொறந்தா ஆச்சு. பூஜை எங்கே நிக்கப்போறது?” என்றார். அவர் அன்று இருந்த இடம் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று உங்களுக்கு எழுதினேன். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி, சாமி காத்திருந்திருக்கும்.

இதை எழுதியதால் கேட்டில் தாள் ஒட்டிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். விதியை நான் தனியாக நீக்க முடியாது. பொதுக்குழு கூட வேண்டும். பாதிப் பேர் உங்கள் கல் மேல் கோபமாக இருக்கிறார்கள். கல்லை எடுங்கள், கூட்டுகிறேன் என்று உங்களிடம் கேட்கலாம். விதியை எடுங்கள், கல்லை எடுக்கிறேன் என்பீர்கள். இரண்டு பேருக்கும் இது நன்றாகவே தெரியும்.

சியாமளா


வீடு எண் எட்டு
10 ஏப்ரல் 2025

சியாமளா அம்மா அவர்களுக்கு,

நீங்கள் குருக்களைக் கேட்டதும், அவர் சொன்னதை மறைக்காமல் எழுதியதும் பெரிய விஷயம். ஆனால் அது எனக்கு எழுதியது. நான் கேட்டது கேட்டில் ஒட்டுவது. ரேணுகா அந்தத் தாளைப் படிக்க வேண்டும். அன்று வரிசையில் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படிக்க வேண்டும்.

முதலில் கல் என்றால் நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எழுதியது போல் நமக்குத் தெரிந்ததுதான்.

நேற்று சார் ஜன்னலிலிருந்து பார்த்தார். கை தூக்க முடியவில்லை போல. நான் குடையைத் தூக்கிக் காட்டினேன்.

செங்கல்வராயன்


வீடு எண் பதினொன்று
22 ஏப்ரல் 2025, காலை

செங்கல்வராயன் ஐயா அவர்களுக்கு,

விடியும் முன்பு அவர் போய்விட்டார். மகள் சுஷ்மிதா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். மூன்று மணிக்கு எடுக்கிறோம்.

செயற்குழுவில் இருவர் வந்தார்கள். “செயலாளர் வீடு, பூஜையும் இல்லை, உங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறோம், பெரிய கேட் வழியாகப் போகலாம், செங்கல்வராயனிடம் நாங்கள் பேசுகிறோம்” என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மனைவியை அனுப்பிய வழியிலேயே அவரையும் அனுப்புகிறேன். விதியை எழுதியவள் நான். யாருக்கும் விலக்கு இல்லை என்று எழுதியவளும் நான்தான்.

உங்கள் நிலத்தில் வண்டி வராது. அதைச் சொல்லத்தான் எழுதினேன். நீங்கள் வெயிலில் உட்கார வேண்டாம்.

சியாமளா


வீடு எண் எட்டு
22 ஏப்ரல் 2025

சியாமளா அம்மா அவர்களுக்கு,

அது நடக்காது.

பூங்கொடிக்கு நடந்தது தவறு. சாருக்கும் அதுவே நடந்தால் அதற்குப் பெயர் வழக்கம். மூன்றாவதாகப் போகிறவருக்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழக் கற்றுக்கொள்வார்கள். இத்தனை நாள் நான் கல்லோடு உட்கார்ந்திருந்தது என் சண்டையில் உங்கள் வீட்டுக்காரரைக் குப்பை வழியாக அனுப்பிப் பார்ப்பதற்காக இல்லை. பழிக்குப் பழி என்று ஊர் சொல்லும். சொன்னால் எனக்குக் கவலை இல்லை. ஆனால் அது பொய்யாக இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கிடைத்த விலக்கை வேண்டாம் என்றது சரி. செயலாளர் வீட்டுக்கு ஒரு வழி, செங்கல்வராயன் வீட்டுக்கு ஒரு வழி என்றால் நான்தான் முதலில் மறித்திருப்பேன். அதனால் இதை விலக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் கேட்டுக்கு உள்ளேதான் உங்கள் விதி. கேட்டுக்கு வெளியே நிலம் என்னுடையது. அதில் எந்த வண்டி போக வேண்டும் என்று நான் சொல்கிறேன். சார் வண்டி பெரிய கேட் வழியாகத்தான் வர வேண்டும் என்கிறேன். சேவை வாசலுக்கு வெளியே ராமதாஸ் காலையிலேயே லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டான். அதற்கு என் மேல் கேஸ் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு அப்புறம் போடுங்கள்.

இது மன்னிப்பு அல்ல. நான் கேட்ட தாள் இன்னும் ஒட்டப்படவில்லை.

இன்று நடக்க வேண்டியவை, யார் யார் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இந்தத் தடவை யார் காதிலும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு நகலை வாட்ச்மேன் அறைக் கதவில் ஒட்டிவிட்டேன்.

கல்லைப் பிடுங்க வேண்டியவன் நான். எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. குழியை மூடி மண்ணை மிதித்து விட்டேன், சக்கரம் குலுங்காது.

நடையைச் சாத்த வேண்டியவர் குருக்கள். நானே போய்ச் சொன்னேன். சாத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய கேட்டின் இரண்டு கதவையும் திறந்து பிடிக்க வேண்டியவன் முனிசாமி. அந்தப் புதுப் பையன் அவனோடு நிற்பான். வருகிற உங்கள் சொந்தக்காரர்களிடம் யாரும் அட்டை கேட்கக் கூடாது.

அந்த வளைவில் நின்று கத்துகிற காவலாளி மூன்று மணிக்கு வாயைத் திறக்கக் கூடாது. அதை ராமதாஸ் பார்த்துக்கொள்வான்.

உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. பெண்கள் வாசலோடு நின்றுவிடுவீர்களோ என்னவோ. வருவதானால், கேட்டுக்கு வெளியே நிழலுக்குக் கீற்று கட்டியிருக்கிறேன். அதுவரை நீங்களும் சுஷ்மிதாவும் வரலாம். ரேணுகா வந்திருக்கிறாள். அவளை அவள் அம்மாவோடு அந்தத் தூரம் நடக்க விடவில்லை. இன்று உங்களோடு நடக்க வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லாமல் இருக்க வேண்டியது நீங்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பொதுக்குழுவைக் கூட்டி அந்த விதியை அடிக்க வேண்டியதும், பூங்கொடிக்கு நடந்தது தவறு என்று எழுதிக் கேட்டில் ஒட்ட வேண்டியதும் நீங்கள்.

அதுவரை கல் நிற்கும். நாளைக் காலையில் அதைத் திரும்ப நட வேண்டியவன் நான்.

செங்கல்வராயன்